மாதிரி வீட்டின் பின்னறை

ஜனவரி 6

தம்பிக்கு,

அக்கா மனம் இளகி எழுதுகிறாள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளாதே. அலுவலகம் எழுதச் சொன்னது, எழுதுகிறேன். அம்மா போன மறுவாரமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் நீ. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி உண்டா? அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

விஷயம் இதுதான். நீ காவல் இருக்கும் சர்வர் கிடங்கில் ஓடுகிற கோப்பு முறைமைக்குப் புதிய கையேடு வரப்போகிறது. கோப்புகளை எப்படி வைப்பது, எப்படி எடுப்பது, எப்படி நீக்குவது என்று சொல்லித்தருகிற கையேடு. எழுதுகிறவள் நான். அதில் வரும் கட்டளை எடுத்துக்காட்டுகளை அச்சுக்குப் போகும் முன் யாராவது நிஜமாக இயக்கிப் பார்த்து, கணினி சொன்ன பதிலை அப்படியே தர வேண்டும். அந்த முறைமை முழுதாக ஓடுவது உன் கட்டடத்தில் மட்டும்தான், அங்கே இருப்பது நீ ஒருவன்தான். உலகத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை பார். அங்கே வெளி இணைப்பும் கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது. ஆகவே வியாழக்கிழமை சரக்கு வண்டியில் காகிதத்தில்தான் எல்லாம் போய் வர வேண்டும்.

என் பக்கங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கெடுத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். ஆள் தட்டச்சு செய்கிற வரிக்கு முன்னால் அம்புக்குறி வைத்து, அதைத் தடித்த எழுத்தில் போடுவேன். கணினி தரும் பதிலுக்கு அம்புக்குறி கிடையாது, மெல்லிய எழுத்து. எது மனிதன் சொன்னது, எது மெஷின் சொன்னது என்று படிக்கிறவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். திரையில் வெறும் அம்புக்குறி மட்டும் நின்றால், ‘நான் சொல்லி முடித்துவிட்டேன், இனி உன் முறை’ என்று கணினி சொல்வதாக அர்த்தம். கணினியின் பதிலில் நீ ஒரு புள்ளியைக்கூட அழகுபடுத்தக் கூடாது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு மாதிரி வீடு கட்டியிருக்கிறேன். ‘வீடு’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் கூடம், சமையலறை, மாடி என்று மூன்று. அவற்றை உருவாக்கி, ‘காட்டு’ கட்டளை கொடுத்து, வந்ததை பிரிண்ட் எடுத்து அனுப்பு. இன்னொன்றும் பார்க்க வேண்டும். கணினி ஏதாவது கேட்கும்போது நாம் ஒன்றும் எழுதாமல் என்டர் விசையை மட்டும் அழுத்தினால், அந்த வெற்றுப் பதிலை அது என்னவென்று எடுத்துக்கொள்கிறது? பழைய கையேட்டில் அந்த இடத்தை மழுப்பியிருக்கிறார்கள்.

அங்கே குளிர் அதிகம் என்று உன் மாமா சொன்னார். அலமாரியில் சும்மா கிடந்த ஸ்வெட்டர் ஒன்றைப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

அக்கா


ஜனவரி 15

அலுவலக உத்தரவின் பேரில் அன்புள்ள அக்காவுக்கு,

சும்மா கிடந்த ஸ்வெட்டரில் கடைச் சீட்டு இன்னும் தொங்குகிறது. உன் அலமாரி இப்போதெல்லாம் தானே கடைத்தெருவுக்குப் போய் வருகிறது போலிருக்கிறது. கிடைத்தது, போட்டுக்கொண்டேன்.

இடத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜன்னல் இல்லாத நீளமான கட்டடம். ஒரு தாழ்வாரம், அதன் இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகளில் சர்வர்கள். மின்விசிறிகளின் இரைச்சல் ஓயாது. கடைசியில் என் அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு திரை. எனக்கு முன்னால் இருந்த காவலர் தன் டம்ளரையும் செருப்பையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். செருப்பு கட்டிலுக்கு அடியில் வாசலைப் பார்த்து ஜோடியாக இருக்கிறது. ஏனோ அதை நகர்த்தக் கை வரவில்லை, என் செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைக்கிறேன்.

வேலை சுலபம். அவ்வப்போது திரையில் ‘இருக்கிறீர்களா?’ என்று வரும். ‘இருக்கிறேன்’ என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் எல்லாக் கதவையும் பூட்டிவிடும். எத்தனையோ ஆஸ்பத்திரிகளின் குறிப்புகள் உள்ளே இருப்பதால் யாராவது ஒருவர் எப்போதும் இருந்தே ஆக வேண்டும். அம்மாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? “இவன் என்ன மனுஷனா, மெஷினா? கேட்டாத்தான் வாயத் தொறப்பான்.” இங்கே மெஷின் கேட்கிறது, நான் வாயைத் திறக்கிறேன். எனக்குப் பொருத்தமான உத்தியோகம்தான்.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன்.

→ காட்டு வீடு
கூடம்
சமையலறை
மாடி
பின்னறை

நீ சொன்னது மூன்று, நான் கட்டியதும் மூன்று. பின்னறையை நான் கட்டவில்லை. பதிலில் கை வைக்காதே என்று உத்தரவு போட்டிருக்கிறாய், அதனால் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓரம் விடாமல் எழுதியிருக்கிறாய், பத்திகள் ஏணி மாதிரி இறங்குகின்றன. உன் மாமா பார்த்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகையத் திருத்தின, உங்கம்மா நினைவு அட்டையத் திருத்தின, இப்ப தம்பி கடுதாசியா?” என்றார். தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. என் கை அப்படி.

பின்னறைக் கதையை வைத்து என் காதில் பூச்சுற்றாதே. சின்ன வயதில் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு உள்ளேயிருந்து தட்டித் தட்டி என்னை அழவைத்தவன்தானே நீ. அங்கே பொழுது போகவில்லை என்றால் படி, தூங்கு, என் கையேட்டில் விளையாடாதே. அந்த அறையை நீக்கிவிட்டுத் திரும்ப இயக்கு. நீக்கும்போது கணினி தரும் பதிலையும் அனுப்பு, ‘நீக்கு’ கட்டளைக்கு எனக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே, வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? அம்மாவின் பக்கத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்து மருந்து கொடுத்தவள் நான். நீ வந்தாய், சுவரோரம் நின்றாய், கேட்டதற்குத் தலையாட்டினாய். என் இடத்தில் இருந்தால் தெரியும்.

ஸ்வெட்டர் கை சரியாக இருக்கிறதா? நீளம் அதிகம் என்றால் சொல்.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் கை நீளம்தான். உன் கை அளவுக்கு வாங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன், எதிலும் நுழையும் கை.

நான் விளையாடவில்லை. அம்மா மேல் சத்தியம் செய்யலாம், ஆனால் அதற்கும் சிவப்புக் கோடு போடுவாய். பார்த்துக்கொள்.

→ நீக்கு வீடு/பின்னறை
நீக்க முடியாது. அறை காலியாக இல்லை.
→ காட்டு வீடு/பின்னறை
விசில்

விசில் என்று ஒரே ஒரு கோப்பு. திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் அது திறந்திருந்தவரை தாழ்வாரத்து மின்விசிறிகள் ஓசையில்லாமல் ஓடின. மூடியதும் இரைச்சல் திரும்பியது. சரக்கு வண்டி ஓட்டுநரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் பெட்டியை இறக்குவதை நிறுத்திவிட்டு, “பழைய சார் ஓயாம விசில் அடிப்பாரு சார். கேட்டுக்கு வெளியவே கேக்கும். போகப்போகக் கொறஞ்சு, கடைசில நின்னே போச்சு” என்றார். அப்புறம் பெட்டிகளை வாசலிலேயே அடுக்கிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இங்கே யார் காவல் இருந்தாலும் கணினியில் ஒரே பெயர்தான், ‘காவலர்’. செவ்வாய்க்கிழமை டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். திரையில் இது இருந்தது.

→ காட்டு காவலர்
கிண்டல்
பிடிவாதம்
அக்கா மேல் கோபம்

அந்த முதல் வரியை நான் தட்டச்சு செய்யவில்லை. அம்புக்குறி இருக்கிறது, ஆள் இல்லை. இதைத் தடித்த எழுத்தில் போடுவாயா, மெல்லிய எழுத்திலா? நீயே முடிவு செய்.

வெற்றுப் பதிலைப் பற்றிக் கேட்டாயே, அதையும் சோதித்தேன். ஒன்றும் எழுதாமல் விசையை அழுத்தினால், கேட்டதை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. திரையில் அப்படித்தான் வந்தது, என்னிடமிருந்து எதை எடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை. இதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடு.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதை மாமாவிடம் சொல்லாதே.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

கையேடு கிடக்கட்டும், நீ கிளம்பி வந்துவிடு. அலுவலகத்தில் மேலாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். வேறு ஆள் கிடைக்க நாளாகும் என்கிறார். “சின்னச் சின்ன கோளாறுக்கெல்லாம் ஆளை மாத்த முடியாதும்மா” என்று என்னிடமே சொல்கிறார். சின்னக் கோளாறாம்.

எனக்கு உடனே பதில் வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? ஸ்வெட்டர் கையை மடித்துப் போட்டுக்கொள்கிறாயா? அந்தச் செருப்பு இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறதா? பின்னறையில் இப்போது என்ன இருக்கிறது? என் மேல் கோபம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் இருக்கட்டும், இங்கே வந்து கோபப்படு. உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது. மடித்துப் போட்டுக்கொள்கிறேன். செருப்பு இருக்கிறது. பின்னறையில் விசில், கிண்டல். கோபம் இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கேள்விகளின் வரிசையிலேயே பதில்கள் இருந்தன, ஒரு சொல் கூடவில்லை. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. உன் கடிதத்தில் பிழை இல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அதைப் பார்த்த பிறகுதான் ஓட்டுநரைத் தேடிப் போனேன்.

உனக்கு முன்னால் இருந்த காவலரின் முகவரியை ஓட்டுநர் கொடுத்தார். போனேன். அடுக்குமாடிக் கட்டடம், இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. அவர் ஜன்னலோர நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை, படிய வாரிய தலை, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

“கேட்டா பதில் சொல்லுவாரும்மா. தானா ஒரு வார்த்தை வராது” என்றார் அந்த அம்மாள். “முன்னெல்லாம் படியேறும்போதே விசில் சத்தம் கேக்கும். பக்கத்து வீட்டுல சண்டைக்கே வருவாங்க. இப்ப அவங்களே வந்து, என்னங்க விசிலக் காணோம்னு விசாரிக்கிறாங்க.”

டீ கொடுத்தார். அவர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போய் ஆடை கட்டியது. “குடிக்கலியா?” என்று மனைவி கேட்ட பிறகு குடித்தார். ஒவ்வொரு வேளையும் இப்படித்தானாம்.

நான் அவர் முன்னால் உட்கார்ந்து, “பின்னறையில என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“என்னுது” என்றார்.

“அதை எப்படி எடுக்கிறது?”

“வேற ஒருத்தர் உக்காந்து கேட்டா குடுக்கும்.”

“இத்தனை நாளா இதை ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல.”

அந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்தக் கடிதத்தில் உன்னிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான். உனக்குத் தோன்றுவதை எழுது. என்னைத் திட்டி எழுதினாலும் சந்தோஷம். நான் உன்னை மெஷின் என்று சொன்னதைச் சொல்லிக் காட்டு, போதும், கும்பிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

→


மார்ச் 12

தம்பிக்கு,

நீ வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். உன் வெறும் அம்புக்குறியைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அடுத்த வியாழக்கிழமை வண்டியில் நானே ஏறிவிட்டேன். உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது, அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீ திரைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் உள்ளே வந்தும் திரும்பவில்லை. “டேய், என்னைத் தெரியுதா?” என்றேன். “தெரியுது” என்றாய். “நான் யாரு?” “அக்கா.” அதோடு சரி. நான் அழுததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஏன் அழுகிறாய் என்று நாய்க்குட்டிகூடக் கிட்டே வந்து பார்க்கும். உன் தோளைப் பிடித்து எழுப்பி, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

→ வெளியே எடு வீடு/பின்னறை/கிண்டல்
பதிலுக்கு?
→
எடுக்கப்பட்டது.

பதிலுக்கு என்ன தருகிறாய் என்று அது கேட்டது. அதற்குள் வெளியே ஓட்டுநர் ஹாரனை அழுத்தித் தொலைத்தார், இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்ட வேண்டும் என்று அவசரம். ஒன்றும் எழுதாமல் விசையைத் தட்டிவிட்டேன். வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை, கிடங்கைக் காலியாக விட்டுப் போகவும் முடியாது. அதனால் உன்னை ஏற்றிவிட்டு நான் நின்றுகொண்டேன். படியில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்து, “அக்கா, என் செருப்பப் போட்டுக்கிட்டு நிக்கிற. அதுவும் கால் மாத்தி” என்றாய். யாரும் கேட்காமல், நீயாக. வண்டி வளைவில் மறையும் வரை நான் அந்த மாற்றுச் செருப்போடு நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

புது ஆள் ஏப்ரல் கடைசியில் வருகிறாராம். அதுவரை இருந்து மிச்ச எடுத்துக்காட்டுகளையும் முடித்துவிடுகிறேன். நான் வாயாடி, என்னை இது என்ன செய்துவிடும்? இந்த வாரம் அந்த விசிலையும் எடுத்து அந்த அம்மாளுக்குக் கொடுத்துவிட வேண்டும். காலையில் பிரிண்ட் எடுத்த பக்கத்தில் ஒரு வரி கோணலாக இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

உன் மாமாவிடம் பால்காரருக்குப் பாக்கியைக் கொடுத்துவிடச் சொல். நீ நன்றாகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 17

என் வாயாடி அக்காவுக்கு,

மாமா சமைக்கிறார். அதிலேயே உனக்கு இங்கத்து நிலவரம் புரிந்திருக்கும். நேற்று அவர் வைத்த குழம்பை, “எப்படி இருக்கு?” என்று கேட்டார். கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற அந்த நோய் எனக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உண்மையைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

அங்கே இருந்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. வலிக்கவில்லை, பயமும் இல்லை. யாரோ கேட்கும் வரை நான் ஓர் இடத்தில் வைக்கப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். உன் கேள்வியில்லாத கடிதத்தைப் படித்தேன். நீ தவிப்பது புரிந்தது. பேனாவை எடுத்தேன், ஆனால் எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்பது மட்டும் எனக்குள் இல்லை. நீ என்னை மெஷின் என்று சொன்ன அன்றைக்குக்கூட எனக்குள் சொல்ல ஆயிரம் இருந்தது. சொல்லாமல் நின்றேன். இல்லாமல் நிற்பது வேறு.

அக்கா, உன் கடிதத்தில் அந்த வெற்றுப் பதிலைப் பார்த்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தேன். சோதிக்கச் சொன்னவள் நீ, சோதித்து எழுதியவன் நான். ஒன்றும் எழுதாவிட்டால் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருந்தது நீ. ஊருக்கே அதைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கப் போகிறவள் நீயே இப்படித் தட்டிவிட்டாய். கோணல் வரியைத் திருத்தாமல் வைத்துவிட்டேன் என்று வேறு எழுதுகிறாய். நீயா?

விசிலை எடுத்தாயா? பின்னறையில் இப்போது எத்தனை கோப்பு இருக்கிறது? உடம்பு எப்படி இருக்கிறது? ஓட்டுநர் உள்ளே வந்து பேசுகிறாரா?

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது.

நான்தான். விசிலை எடுக்கவில்லை. பின்னறையில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. உடம்பு நன்றாக இருக்கிறது. ஓட்டுநர் உள்ளே வருவதில்லை.

அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

இரண்டு என்று எழுதியிருக்கிறாய். இரண்டில் ஒன்று விசில். இன்னொன்று என்ன என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. இந்தக் கடிதத்தில் கேள்வியே கிடையாது. உன்னிடம் கற்ற வித்தைதான்.

நீ இல்லாததால் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை நானே வடிவமைத்துவிட்டேன். ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் உன் பார்வைக்கு வைக்கிறேன்.

காட்டு வீடு
→ கூடம்
→ கூடம் (ரொம்ப நல்ல கூடம்)
       மாடி
→ சமையலறை என்று கணினி சொல்லிற்று

தடித்த எழுத்து, மெல்லிய எழுத்து என்று பிரிப்பதெல்லாம் வீண் வேலை என்று எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் போட்டு, அம்புக்குறியை அழகாக இருக்கிற இடங்களில் வைத்திருக்கிறேன். கணினியின் பதில் கொஞ்சம் வறட்சியாக இருந்ததால் இரண்டு மூன்று சொற்களை நானே சேர்த்தேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கக்கா கையில இது கெடச்சா, வண்டிக்கெல்லாம் காத்திருக்க மாட்டா. நடந்தே வந்து உன்னை ஒதைப்பா” என்று சிரித்தார். அப்புறம் எழுந்து போய், உன் சிவப்புப் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மூடி வைத்தார்.

கையேட்டின் முன்னுரையில் அம்மாவுக்கு நன்றி சொல்லி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அதையும் இங்கே தருகிறேன். ‘எங்கள் அம்மாவின் கடைசி மாதங்களில் இரவும் பகலும் பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டவன் நான். என் அக்கா எப்போதாவது விருந்தாளி போல் வந்து, சுவரோரம் நின்றுவிட்டுப் போவாள்.’

இதற்கு நீ என்னை அடிக்கலாம். அம்மாவை வைத்துப் பொய் எழுதியதற்குப் பிறந்ததிலிருந்து பேசாத பேச்செல்லாம் பேசலாம். இந்தப் பக்கம் முழுவதும் சிவப்பாக, எழுத்தே தெரியாத அளவுக்குச் சிவப்பாகத் திரும்பி வர வேண்டும். வந்தால், புது ஆள் வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். வராவிட்டால் அடுத்த வண்டியில் நான் ஏறிவிடுவேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன்னுடையதைக் கேட்டு வாங்குவேன். அது பதிலுக்குக் கேட்கும்போது தட்டுவதற்கு ஒரு சொல்லையும் யோசித்து வைத்திருக்கிறேன். உன் மேல் இருக்கும் கோபத்தைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். எனக்கு அது இனிமேல் தேவைப்படாது.

மூன்று பக்கமும் ஓரம் விடாமல் எழுதியிருக்கிறேன் அக்கா. பத்திகள் ஏணி மாதிரி இறங்குகின்றன.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்தையும் முன்னுரையையும் முழுவதும் படித்துப் பார்த்தேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது.

அக்கா